மாடிக்கு ஏறாத சிக்னல்

இப்படித் தள்ளி உக்காருங்க சார், ஃபேன் காத்து இந்த மூலைக்கு மட்டும்தான் வருது. உங்க டோக்கன் எத்தனை? நாப்பத்தி ஒண்ணா? நான் நாப்பது. இப்ப ஓடுறது முப்பத்தேழு. கவுண்டர்ல இருக்குற அம்மா டீ குடிக்கப் போய் கால் மணி நேரமாச்சு. குடிக்கட்டும். நல்லா குடிக்கட்டும். நமக்கெல்லாம் வீட்டுல வேலை வெட்டி இல்லன்னுதானே இங்க வந்து உக்காந்திருக்கோம்.

பையில என்னன்னு பாக்குறீங்களா? வைஃபை பொட்டிதான். ஒண்ணு இல்ல, மூணு பொட்டி. திருப்பி இவனுக மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டுப் போகத்தான் வந்தேன். விட்டெறிய மாட்டேன், பயப்படாதீங்க. முப்பத்தி மூணு வருஷம் கவர்மெண்டுல ஓவர்சியரா இருந்தவன் சார் நான். பேரு தெய்வேந்திரன். கோபம் வரும், ஆனா கை நீட்ட மாட்டேன்.

நீங்க எதுக்கு வந்தீங்க? பெயர் மாத்தவா? அப்ப உங்க வீட்டுல நல்லா வருதா? மாடி இருக்கா உங்க வீட்டுல? இல்லையா? அதான். மாடி இல்லாதவனுக்கு இந்தக் கம்பெனி நல்ல கம்பெனி சார். மாடி கட்டினவன்தான் பாவம் பண்ணினவன்.

கேளுங்க. நாப்பது வர்றதுக்கு நேரம் கிடக்கு.

என் வீட்டை நானே நின்னு கட்டினேன். மேஸ்திரி பேருக்குத்தான். கம்பி கட்டுறதுல இருந்து கான்கிரீட் போடுறது வரைக்கும் நான் குடை பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்னேன். எல்லாரும் ஆறு இஞ்சுக்கு ஒரு கம்பி போடுவானுக. நான் நாலு இஞ்சுக்கு ஒண்ணு போட்டேன். மேஸ்திரி சிரிச்சான், "சார், மேல லாரி விடப் போறீங்களா?"ன்னு. சிரிடா மவனேன்னு விட்டுட்டேன். தண்ணி கட்டி இருபத்தொரு நாள், ஒரு நாள் குறையல. பதினாறு வருஷம் ஆச்சு சார், அந்தத் தளத்துல தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் காட்டிருங்க பாப்போம்.

அந்தத் தளத்தைத்தான் இவனுக குத்தம் சொல்றானுக. வர்றேன், வர்றேன்.

எனக்கு ஒரே பொண்ணு. தேன்மொழி. போன பங்குனியில வீட்டுக்கு வந்துட்டா. வந்துட்டான்னா உங்களுக்குப் புரியும். ரெண்டு வருஷம் அந்த வீட்டுல இருந்தா, ஒத்து வரல. கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சிருச்சு. தப்பு நம்ம பக்கம் இல்ல சார். நூத்துக்கு நூறு நம்ம பக்கம் இல்ல. அதை நான் யாருகிட்ட வேணாலும் நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன். கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்குற மாதிரி நான் வச்சுக்கல, அது வேற விஷயம்.

வந்தன்னைக்கே சொல்லிட்டேன். "மாடி முழுக்க உனக்குத்தான்மா. கட்டில் இருக்கு, பாத்ரூம் இருக்கு, சாப்பாடு உங்கம்மா மேலயே கொண்டாந்து குடுப்பா. நீ கீழயே இறங்க வேணாம். யாரும் உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க." எந்த அப்பன் சார் இப்படிச் சொல்லுவான்? எத்தனை வீட்டுல பொண்ணு திரும்பி வந்தா அடுப்படியில படுக்க வைக்கிறானுக. நான் மாடியையே குடுத்தேன். வாடகைக்கு இருந்தவங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டுக் குடுத்தேன்.

அவ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கா. கோயம்புத்தூர் ஆபீஸ். வீட்டுல இருந்தே பாக்கலாம்னு விட்டிருந்தானுக. அதுக்காகத்தான் இந்தக் கனெக்‌ஷனே வாங்கினேன். வயர் வாசல் வழியா வந்துச்சு, பொட்டியை ஹால்ல டிவி பக்கத்துல மாட்டிட்டுப் போயிட்டான். ஹால்ல நூறு ஸ்பீடு. மாடியில எவ்வளவு? மூணு. நூறு எங்க, மூணு எங்க! மீட்டிங்ல அவ பேசிட்டே இருப்பா, படம் அப்படியே நின்னுரும். பாதி வார்த்தையில வாயைத் திறந்த மேனிக்கு நின்னுரும். அந்தப் பக்கம் இருக்கறவன், "தேன்மொழி, கேக்குதா? தேன்மொழி?"ன்னு கத்திக்கிட்டு இருப்பான். இவ, "கேக்குது சார், கேக்குது சார்"னு கத்துவா. கீழ எனக்குக் கேக்கும், அவனுக்குக் கேக்காது.

அவளோட மேனேஜர் ஒரு நாள் சொல்லிட்டான். வருஷக் கடைசிக்குள்ள நெட்டைச் சரி பண்ணு, இல்லேன்னா ஆபீஸுக்கு வந்துரு, ரெண்டும் முடியாதுன்னா வேற வேலை பாத்துக்கோன்னு. அவ என்கிட்டச் சொல்லல. அவங்கம்மாகிட்டச் சொல்லி, அவ என்கிட்டச் சொன்னா. இப்பத்தான் பிள்ளை வீட்டுல ரெண்டு வாய் சாப்பிட ஆரம்பிச்சிருக்கு. மறுபடி தனியா ஒரு ஊர்ல போய் எப்படி இருக்கும்? விடக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

கம்ப்ளெய்ண்ட் குடுத்தேன். முதல்ல வந்தவன் செருப்பைக்கூடக் கழட்டாம ஹாலுக்குள்ள வந்தான். பொட்டியை ஆஃப் பண்ணினான், ஆன் பண்ணினான், போயிட்டான். ஏன்டா, ஆஃப் பண்ணி ஆன் பண்ண எனக்குத் தெரியாதா? நான் என்ன சுவிட்சே பாக்காதவனா?

ரெண்டாவது வந்தவன் கொஞ்சம் விவரம். பொட்டியை டிவிக்குப் பின்னாடி வைக்கக் கூடாது, உசரத்துல வைக்கணும்னான். அதுக்கு மேல என் வீட்டம்மா பூப்போட்ட துணி தச்சு மூடி வச்சிருந்தா. அதையும் எடுக்கச் சொன்னான். எடுத்தோம். நானே ஒரு பலகை அறுத்து நிலைப்படிக்கு மேல அடிச்சு அதுல ஏத்தி வச்சேன். மூணு இருந்தது அஞ்சு ஆச்சு.

ஃபோன்ல ஒரு அம்மாகிட்ட சண்டை போட்டேன். "இதைவிட பெரிய பிளான் எடுங்க சார், ஸ்பீடு வரும்"னு தேன் ஒழுகப் பேசினா. எடுத்தேன். ஹால்ல இருநூறு! மாடியில? அதே அஞ்சு. ஹால்ல இருநூறை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நான் ஃபோன்ல ராசிபலன் பாக்குறவன்.

மூணாவது ஆள் படிக்கட்டு திரும்புற இடத்துல இன்னொரு சின்னப் பொட்டியை மாட்டினான். கீழ இருக்கறதை வாங்கி மேல அனுப்பும்னான். அனுப்புச்சு. அது நிக்கிற இடத்துக்கே பாதிதான் வருது, அதுல பாதியை மேல தள்ளிவிடுது. பதினொண்ணு வந்துச்சு. நல்லா இருக்கேன்னு பாத்தா, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மயக்கம் போட்டு விழுந்துரும்.

நாலாவது வந்தான் பாருங்க, அவன்தான் என் தளத்தைத் தட்டிப் பாத்தான். காலால தட்டிப் பாக்குறான் சார். "எத்தனை இஞ்சுக்குக் கம்பி போட்டீங்க?"ன்னான். பெருமையா நாலுன்னேன். "அதான் சார். இவ்வளவு கம்பி நெருக்கமா இருந்தா சிக்னல் மேல ஏறாது. தளத்துல ஒரு ஓட்டை போட்டு கேபிளை மேல கொண்டு போயி, மேல ஒரு பொட்டி வச்சுட்டா வேலை முடிஞ்சுது"ன்னான். ஏதோ வடையில ஓட்டை போடுற மாதிரி சொல்றான்! என் தளத்துல ஓட்டையா? கம்பியில பட்டா துரு ஏறாதா? வெளிச்சுவர் வழியா கொண்டு போறேன்னான், போன தையிலதான் பெயின்ட் அடிச்சிருக்கேன், சுவத்துல கறுப்பு வயர் ஓடினா எப்படி இருக்கும்? "வெளிய போடா"ன்னுட்டேன். மரியாதையாத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொன்னேன்.

என்ன சார்? ஹால்லயே உக்காந்து வேலை பாக்கச் சொல்லலாமேன்னா?

நீங்களும் இதையே கேக்குறீங்க. அந்த நாலு பேரும் இதைத்தான் கேட்டானுக. பெரிய கண்டுபிடிப்பு. உக்காந்தா சார். உக்காராமலா? ஆவணியில ஒரு நாள், முக்கியமான மீட்டிங்காம், அவளோட வேலையை மேல இருக்கற பெரிய ஆளுங்க பாக்குறாங்களாம், காலையில பத்து மணிக்கு ஹால்ல சோபாவுல உக்காந்துட்டா. நான் ஒண்ணும் சொல்லல. பத்தேகாலுக்கு வாசல்ல கார் சத்தம். பாத்தா என் பெரியப்பா மகன், அவன் சம்சாரம், கூட இன்னும் ரெண்டு பேரு. கையில தாம்பாளம். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருக்காங்க.

நீங்களே சொல்லுங்க. கல்யாணப் பத்திரிகையோட வர்றவங்க முன்னாடி... நான் ஒரு வார்த்தை சொல்லல சார். சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. கண்ணைத்தான் காட்டினேன். மேல போன்னு கண்ணைக் காட்டினேன், அவ்வளவுதான். அவ பேசிட்டு இருந்தா. பேசிக்கிட்டே எந்திரிச்சு, கம்ப்யூட்டரைத் திறந்தபடியே கையில ஏந்திக்கிட்டுப் படி ஏறினா. ஆறாவது படியில கட் ஆயிருச்சு. அவ அங்கயே நின்னா.

அவங்க உள்ள வந்ததும் கேட்டாங்க, "தேன்மொழி எப்படி இருக்கா, மாப்பிள்ளை நல்லா இருக்காரா?"ன்னு. என்ன சார் சொல்றது அந்த நேரத்துல? "மாப்பிள்ளை வெளிநாடு போயிருக்காரு, அவ கோயம்புத்தூர்லதான் இருக்கா"ன்னேன். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு எல்லாத்தையும் கடை விரிச்சுக்கிட்டு? அவங்க காபி குடிச்சுட்டு சந்தோஷமாப் போனாங்க. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. அவ படியில நின்னு கேட்டிருப்பா போல. அதுக்கு நான் என்ன பண்ண? மேல போயிருக்க வேண்டியதுதானே. அன்னைக்கு மாடியில சிக்னல் ஒழுங்கா இருந்திருந்தா அவ ஹாலுக்கே வந்திருக்க மாட்டா. அந்தப் பழி யாரைச் சேரும்? இந்தக் கம்பெனியைத்தான் சேரும்.

அதுக்கப்புறம் அவ ஹாலுக்கு வரல. நானும் நிம்மதியாத்தான் இருந்தேன்.

காலையில நான் எங்க பென்ஷன்காரங்க சங்கத்துக்குப் போனா மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வருவேன். ஒரு நாள் தலைவலின்னு பதினோரு மணிக்கே வந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா ஒரு சிரிப்புச் சத்தம். எங்கயோ கேட்ட சத்தம் மாதிரி இருக்கேன்னு பாக்குறேன், என் பொண்ணு! பக்கத்து வீட்டு ஹால்ல, தெருவைப் பாத்த ஜன்னலை விரியத் திறந்து வச்சுக்கிட்டு, கம்ப்யூட்டரோட உக்காந்திருக்கா!

அந்த வீடு யாரு வீடுன்னு நினைக்கிறீங்க? ஜெயசீலன் வீடு. ஏழு வருஷமா நானும் அவனும் முகத்துக்கு முகம் பாக்குறதில்ல. அவன் சன்ஷேடு தண்ணி எங்க காம்பவுண்டுக்குள்ள விழுது. சன்ஷேடை வெட்டுடான்னேன், வெட்டல. அந்த வீட்டுல என் பொண்ணு! மூணு வாரமா தினமும் போயிருக்கா. என் வீட்டம்மா சிவகாமிக்குத் தெரிஞ்சிருக்கு. "ஏன்டி சொல்லல?"ன்னா, "நீங்க கேக்கலயே"ன்னு அரிசி களைஞ்சுக்கிட்டே சொல்றா. அவளுக்கு எப்பவும் நான் கத்துற நேரத்துலதான் அரிசி களையணும்.

எனக்கு எப்படி இருக்கும் சார்? அவன் வீட்டு நெட்டும் இதே கம்பெனிதான், என்னைவிடச் சின்ன பிளான். அவன் வீட்டுல ஓசியில உக்காந்து என் பொண்ணு வேலை பாக்குறா. தெருவே பாக்குது. ரெண்டு ராத்திரி தூங்கல. மூணாவது நாள் காலையில எந்திரிச்சு, அந்த நாலாவது ஆளுக்கு நானே ஃபோன் பண்ணினேன். "வாப்பா. ஓட்டை போடு"ன்னேன்.

ஆமா சார். என் தளத்துல. பழைய வரைபடத்தை எடுத்து, கம்பி எங்க ஓடுதுன்னு கணக்குப் பாத்து, சாக்பீஸ்ல நானே குறி வச்சேன். அவன் டிரில்லை வச்சான். அந்தச் சத்தம் இருக்கே, என் பல்லைப் பிடுங்குற மாதிரி இருந்துச்சு. ஹால் முழுக்க சிமெண்டுப் புழுதி. பதினாறு வருஷம் ஒரு ஆணி அடிக்க விட்டிருப்பேனா? கண்ணு கலங்கிருச்சு, புழுதின்னு சொல்லிட்டேன். யாருக்காக? அவளுக்காகத்தானே! ஊர்ல எந்த அப்பனாவது செய்வானா? கேபிளை மேல இழுத்து, மேல தனியா பொட்டி மாட்டி, போட்டுப் பாத்தா நூத்தி எம்பது. மாடியில நூத்தி எம்பது சார்!

எனக்குக் கால் தரையில நிக்கல. சட்டையை மாட்டிக்கிட்டு நேரா ஜெயசீலன் வீட்டுக்கே போனேன். ஏழு வருஷம் கழிச்சு அந்தப் படி ஏறினேன். உள்ள அவன் சம்சாரம் ஸ்டெல்லா டீச்சர், கூட ஜெபக் கூட்டத்துக்கு வந்த நாலு பொம்பளைங்க, தட்டு நிறைய வடை. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல என் பொண்ணு, காதுல அந்த வயரை மாட்டிக்கிட்டு வேலை பாக்குறா.

டீச்சர் எந்திரிச்சு, "வாங்கண்ணே. இவர்தான் நம்ம தேன்மொழியோட அப்பா"ன்னு அறிமுகப்படுத்துறாங்க. நம்ம தேன்மொழியாம்! அதுல ஒரு அம்மா, "உங்க பொண்ணா? அவ்வளவு கஷ்டப்பட்டு வெளிய வந்தும் எவ்வளவு தைரியமா இருக்கா, நல்லா வளத்திருக்கீங்க"ன்னு சொல்றாங்க. எல்லாம் தெரிஞ்சிருக்கு சார் அவங்களுக்கு. கோர்ட்டு, கேஸு, எல்லாம். நான் எட்டு மாசமா பொத்திப் பொத்தி வச்ச விஷயத்தைக் கேட்டுட்டு உக்காந்து வடை தின்னுக்கிட்டு இருக்காங்க. ஒருத்தரும் மூஞ்சியைச் சுளிக்கல. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்!

அடக்கிக்கிட்டேன். "தேனு, மேல நூத்தி எம்பது வருது. தளத்தையே உடைச்சுட்டேன். கிளம்பு"ன்னேன்.

காதுல இருந்து வயரை எடுத்தா. சத்தமாக்கூடப் பேசல. "இங்க நாப்பதுதான்பா வருது. எனக்குப் போதும்"னா.

"நாப்பது எதுக்கு? நம்ம வீட்டுல நூத்தி எம்பது இருக்கு!"

"இங்க ஆளு வந்தா நான் எந்திரிச்சு மேல போக வேண்டியதில்லப்பா."

அத்தனை பேரு முன்னாடி. அந்த ஜெயசீலன் உள் ரூமு வாசல்ல நிக்கிறான். "எனக்கு நெட்டு வேகம் மட்டும்தான் தெரியும்"னு ஏதோ சொன்னேன். எனக்கே என்ன சொன்னேன்னு ஞாபகமில்ல. வெளிய வந்துட்டேன்.

அந்த மாசக் கடைசியில கோயம்புத்தூர் போயிட்டா சார். ஹாஸ்டல்ல இருக்கா. ஆபீஸ்காரன் கூப்பிட்டுட்டான், வேற வழியில்ல, போயிட்டா. அப்படித்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். சிவகாமி மட்டும், "அவன் கூப்பிடல, இவளாத்தான் எழுதிக் கேட்டு வாங்கிட்டுப் போறா"ங்கிறா. அவளுக்கு என்ன தெரியும்? முதல்ல வந்தவன் அன்னைக்கே அந்தப் பொட்டியை மேல மாட்டியிருந்தா என் பிள்ளை இன்னைக்கு வீட்டுல இருந்திருக்கும். நாலு பேரை அனுப்பி நாலு மாசம் இழுத்தடிச்சானுக பாருங்க, என் குடும்பத்தையே பிரிச்சுட்டானுக சார். வாரம் ஒரு தடவை பேசுறா. அவங்கம்மாகிட்டப் பேசுறா. வீடியோவுல. படம் நிக்கவே மாட்டேங்குது, கண்ணாடி மாதிரி தெரியுது. நான் பின்னாடி போய் நின்னா, "அப்பாவுக்கு உடம்பு பரவாயில்லயா?"ன்னு அவங்கம்மாகிட்டக் கேக்குறா. நான் அங்கதான் நிக்கிறேன்.

என்ன, நாப்பதா கூப்பிட்டாங்க? நாப்பதுதான். இருங்க... ஏம்மா, இதைப் பூர்த்தி பண்ணிக் குடுக்கணுமா? கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். சார், ஒரு கை உதவி பண்ணுங்க. பேரு தெய்வேந்திரன். கீழ என்ன இருக்கு? துண்டிக்கக் காரணமா? படிங்க. வீடு மாறுகிறேன். இல்ல. வேகம் போதவில்லை. சரி. ஊழியர் நடத்தை. அதுவும் உண்டு. கடைசியா என்னது? பயன்படுத்த ஆள் இல்லையா?

யாரு சார் இந்தக் கட்டத்தை எல்லாம் அச்சடிக்கிறது? ஒரு மனுஷன்கிட்டக் கேக்குற கேள்வியா இது?

வேகம் போதவில்லைன்னு போடுங்க. ரெண்டாவது கட்டம். போடுங்க சார், பின்னாடி ஆளு நிக்குது. ஏன் பேனாவை வச்சுக்கிட்டு என்னையே பாக்குறீங்க? நான்தானே சொல்றேன், மாடியில வேகம் இல்ல. டிக் போடுங்க.